வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடு

ஊரைச் சுற்றிக் காட்ட வரைபடம் போடும்போது எங்கே தொடங்குவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. கலுங்கில்தான் தொடங்கினேன். கண்மாய் நிரம்பிவிட்டால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போக வேண்டும். அதற்காகக் கரையின் ஓரிடத்தை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக் கல்லால் கட்டியிருப்பார்கள். அதுதான் கலுங்கு. அதன் தலையில் வரிசையாகக் குட்டைக் கல்தூண்கள் நிற்கும். மழை குறைந்த வருஷத்தில் அந்தத் தூண்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் அடைத்து, ஒரு முழத் தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளலாம். இப்படி யோசித்துச் செய்த எதைப் பார்த்தாலும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருக்கும்.

ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. இங்குள்ள பள்ளியில் பதினாறு வருஷமாக அறிவியல் நடத்துகிறேன். ஞானதீபம் டீச்சர் என்றால் தெரியும். சென்ற ஐப்பசியில் பள்ளியின் பசுமை மன்றத்துக்காக, ஊரைச் சுற்றி நடந்து பார்க்கக்கூடிய இடங்களை ஒரே தாளில் வரைந்து கொடுப்பது என்று முடிவு செய்தேன். பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் என்றுதான் எங்கள் பகுதியை வெளியூரில் அறிவார்கள். அணையில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கூழைக்கடா வருவதும், கண்மாய்க் கரைப் பனைகளில் தூக்கணாங்குருவி கட்டுவதும், குருவிப்பாறையின் உச்சியில் கோடையிலும் வற்றாத ஒரு சுனை இருப்பதும் விருதுநகரில் இருப்பவர்களுக்கே தெரியாது.

பாறைக்குப் போகும் வழியை எனக்குக் காட்டியவள் முருகேஸ்வரி. அவள் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள். பட்டாசை அட்டைப் பெட்டியில் அடுக்கி, லேபிள் ஒட்டி, கட்டுக் கட்டும் வேலை. அவளுடைய மகள் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குடையும் நோட்டுமாகத் தார்ரோட்டில் போவதைப் பார்த்து நிறுத்தினாள்.

"எங்க டீச்சர் இம்புட்டு வெயில்ல?"

"குருவிப்பாறைக்கு."

"ரோட்டு வழியாவா? நீங்க போயிச் சேர்றதுக்குள்ள பாறையே எந்திரிச்சு வேற ஊருக்குப் போயிரும். இங்கன வாங்க."

ஊரின் கிழக்குக் கோடியில் கடைசி வீட்டைத் தாண்டி, ஒரு மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்கினாள். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அகலம் இரண்டு சாணுக்கு மேல் இராது, அப்படி ஒரு ஒற்றையடிப் பாதை. இருபது நிமிஷத்தில் பாறை வந்துவிட்டது. பாறைக்கு அந்தப் பக்கம் மெயின்ரோடு. கம்பெனி வேன் காலை ஏழு மணிக்கு அங்கேதான் வந்து நிற்கும். தார்ரோட்டில் போனால் கண்மாயைச் சுற்றி, பாலத்தைச் சுற்றி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

நான் பாதையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். இரண்டு பக்கமும் கரிசல். மழை பெய்தால் கரிசல் செருப்பில் அப்பி, காலை எடுக்க விடாது. ஆனால் பாதை மட்டும் சிவப்பாக, பொடிக்கல்லாக இருந்தது. கரிசலுக்குக் கீழே கிடக்கும் சரளை அந்த ஒரு கோட்டில் மட்டும் முதுகு போல மேலே வந்திருந்தது. அதில் தண்ணீர் நிற்காது, உடனே கீழே இறங்கிவிடும். எந்த மழையிலும் நடக்கலாம். யாரும் அளந்து போட்ட பாதை இல்லை. வழுக்காத இடத்தைத் தேடித் தேடிக் கால்கள் கண்டுபிடித்த வழி.

"யார் காடு முருகேஸ்வரி இது?"

"கருப்பணன் மொதலாளி காடு. அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. அவுக அய்யா காலத்துலயே நடந்ததுதான? விதைப்பு நேரத்துல மட்டும், ஏ ஓரமாப் போங்கன்னு ஒரு சத்தம் குடுப்பாக. அம்புட்டுத்தான்."

நான் நோட்டில் ஒரு புள்ளிக்கோடு போட்டுக்கொண்டேன்.

என் சித்தப்பா மகன் ஜெரின் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைன் செய்கிறான். நூறு பிரதி போதும் என்று அவனிடம் கேட்டேன். அவன் சிரித்தான்.

"அக்கா, நூறு காப்பிக்கு எவன் மிஷினை ஓட்டுவான்? இரு, ஒரு வழி இருக்கு."

அச்சகத்தில் காலண்டர் அட்டை அடிக்கும் தாள் பாய் போலப் பெரியது. அட்டைகளை அதில் வரிசையாக அடுக்கினால் எப்படி அடுக்கினாலும் ஓரத்தில் ஒரு பட்டை மிஞ்சும். வெட்டிக் குப்பையில் போடும் பட்டை. அந்த இடத்தில் ஆட்கள் தங்கள் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையையோ கடை நோட்டீசையோ செருகிவிடுவதுண்டு. முதலாளியிடம் சொல்லிவிட்டு என் வரைபடத்தையும் அங்கே செருகினான். அதில் நான் யோசிக்காத ஒன்று இருந்தது. காலண்டர் அட்டை எத்தனை ஓடுகிறதோ, அதன் ஓரத்தில் இருப்பதும் அத்தனை ஓடும். ஓடியது மூவாயிரம்.

அதற்கு முன்னால், அச்சுத் தகட்டில் ஏற்றும் முன்பு, அவன் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, பாதை போட்டிருக்கியே, அதுக்குக் கீழ ரெண்டு வரி எடம் காலியா நிக்குது. பாக்க மொட்டையா இருக்கு. எதாச்சும் சொல்லு, அடைச்சிருதேன்."

நான் வகுப்புக்குப் போகும் அவசரத்தில் இருந்தேன். சரளையைப் பற்றிச் சொல்லலாம் என்றால் இரண்டு வரியில் அடங்காது. அதனால் இப்படிச் சொன்னேன்: "நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் மக்கள் நடந்துவரும் பொதுப்பாதை. எல்லாக் காலத்திலும் நடக்கலாம்."

"இது போதும்," என்றான். சரியாக இரண்டு வரி.

மூவாயிரம் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பள்ளியில் கொடுத்தேன், கோவிலில் ஆராதனை முடிந்து வருபவர்களுக்குக் கொடுத்தேன், பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் ஒரு கட்டு வைத்தேன். ஜெரின் தன் பங்குக்குக் காலண்டர் வாங்க வந்த வியாபாரிகளிடம் ஒரு கட்டைத் தள்ளிவிட்டான். யாரோ அதைப் படமெடுத்துப் போனில் பரப்பினார்கள். பொங்கல் விடுமுறையில் நாற்பது பேர் வந்தார்கள். கலுங்கைக் காட்டினேன், குருவிக்கூடுகளைக் காட்டினேன், பாறை உச்சியில் நின்று தெற்கே அணைத் தண்ணீரையும் மேற்கே நீலமாகத் தெரியும் மலையையும் காட்டினேன். சுனைத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்த ஒரு வங்கி அதிகாரி, இவ்வளவு நாள் இந்த வழியாகத்தான் போய்வருகிறேன், தெரியாமல் போயிற்றே என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் குறைவு. அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் இல்லாதபோது இரண்டு கார்கள் வந்தன. பொதுப்பாதை என்று போட்டிருக்கிறதே என்று ஒருவர் காரைக் காட்டுக்குள் இறக்கியிருக்கிறார். அறுவடை முடிந்து தட்டை மட்டும் நின்றதால் பயிர்ச் சேதம் இல்லை. ஆனால் கருப்பணனின் ஆள் மறித்தபோது, காரில் வந்தவர் தாளை எடுத்து நீட்டி, "இது உங்க நிலம்னு யார் சொன்னது?" என்று கேட்டாராம்.

தை முடிவதற்குள் பாதையின் இரண்டு முனையிலும் கல்லுக்கால் நட்டு, ஐந்து வரிசை முள்கம்பி கட்டியாகிவிட்டது.

கம்பி கட்டிய மறுநாள் காலை இருட்டிலேயே, கம்பெனி வேனுக்கு அந்த வழியாகப் போகும் பதினோரு பெண்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறார்கள். அப்புறம் திரும்பித் தார்ரோட்டில் ஓடியிருக்கிறார்கள். நான்கு பேர் வேனைப் பிடித்தார்கள். மற்றவர்களில் முருகேஸ்வரியும் ஒருத்தி. அவளுக்குக் குதிகாலில் வலி உண்டு. வேகமாக நடந்தால் கால் ஊன்ற முடியாது. பள்ளிக்கு வந்து என்னிடம் சொன்னவள் அவள்தான். குறை சொல்ல வரவில்லை. "மொதலாளி ஏதோ கோவத்துல இருக்காக டீச்சர். படிச்சவுக நீங்க போயிச் சொன்னா கேப்பாக," என்றாள். "ரொம்ப நாளைக்கு இப்படி ஓட முடியாது. லேட்டானா பெட்டி ரூம்ல வேற ஆளு உக்காந்துரும்."

மாலையே போனேன். கருப்பணன் அறுபது வயதை ஒட்டியவர். நிதானமான மனிதர். நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் மகள் பாண்டிமீனா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வரைபடம் மேசைமேல் இருந்தது. மடிப்பு பிரியாமலிருக்கக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தார்.

"ஐயா, தப்பு என்னுதுதான். கார் வரும்னு நான் நெனைக்கலை. வேணும்னா ஒரு போர்டு வைக்கலாம், வண்டி வரக்கூடாதுன்னு."

"டீச்சர், காரு வந்ததுக்கா நான் கம்பி கட்டுனேன்? காரு இன்னைக்கு வரும், நாளைக்குப் போயிரும்." தாளை என் பக்கம் திருப்பினார். "இங்கன என்ன எழுதியிருக்கீக, வாசிங்க."

நான் வாசித்தேன். வாய்விட்டு வாசித்தபோது அது வேறு யாரோ எழுதியது போல இருந்தது.

"நடந்தவுகள நான் என்னைக்காச்சும் ஏன்னு கேட்டிருக்கனா?"

"இல்லைங்கய்யா."

"எங்க அய்யா கேட்டாரா?"

"இல்லை."

"நாங்க கேக்கலை, அவுகளும் எதுவும் பேசலை. அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நீங்க நூறு வருசம், பொதுப்பாதைன்னு அச்சுல போட்டு மூவாயிரம் பேருக்குக் குடுத்துட்டீக. நாளைக்கு இந்தக் காட்டை எம்மகளுக்கு எழுதி வச்சா, அவ ஒரு கெணறு தோண்டணும்னாலும் வேலி போடணும்னாலும், ஒருத்தன் இந்தத் தாளத் தூக்கிக்கிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போவான். ஞானதீபம் டீச்சரே எழுதியிருக்காகன்னு சொல்லுவான். பொய்யா சொல்லப்போறீக நீங்க?"

என் வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல்.

அவரே தொடர்ந்தார். "பொம்பளைங்க சுத்திப் போறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஒண்ணு செய்ங்க. ஒரு தாள்ல எழுதுங்க: இது பொதுப்பாதை இல்ல, நெலத்துக்காரர் அனுமதியிலதான் நடக்கோம், அவரு எப்ப வேணாம்னு சொன்னாலும் விட்டுருதோம். அதுல நீங்க ஒரு கையெழுத்து, நடக்கிற பதினோரு பேரும் ஒரு கையெழுத்து. மறுநாளே ஒரு ஆளு நுழையிற அளவுக்குக் கம்பியத் தெறந்துவிடுதேன்."

"என் கையெழுத்து மட்டும் போதாதா?"

"நீங்க வேனுக்குப் போறவுகளா டீச்சர்? நடக்கிறவுக சொல்லணும்."

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும், விருதுநகரில் வக்கீலாக இருக்கும் என் கல்லூரித் தோழிக்குப் போன் செய்தேன். எதையும் முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒருவர் நிலத்தில் இருபது வருஷத்துக்கு மேல், யாரும் தடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், தன் வழி என்றே நினைத்து வெளிப்படையாக நடந்திருந்தால், அந்த வழியைக் கோர்ட்டில் உரிமையாகக் கேட்கலாம். கிடைக்குமா என்பது சாட்சியைப் பொறுத்தது, வருஷக்கணக்கில் இழுக்கும். ஆனால் "அனுமதியில்தான் நடக்கிறோம்" என்று ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால், கேட்க இடமில்லாமல் போய்விடும்.

மறுநாள் சாயங்காலம் வேன் திரும்பியதும், பதினோரு பேரையும் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். தாளை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எல்லோரிலும் மூத்தவள் பஞ்சம்மாள். இருபத்தாறு வருஷமாகக் கம்பெனிக்குப் போகிறவள்.

"எங்கன கையெழுத்துப் போடணும் சொல்லுங்க டீச்சர்," என்று முருகேஸ்வரி பேனாவை வாங்கிக்கொண்டாள். "வெரசாப் போட்டுட்டு வீட்டுக்குப் போவோம். ஒல வைக்கணும்."

"ஒரு நிமிஷம் இரு. எதுல போடுறோம்னு தெரிஞ்சு போடணும்ல," என்றேன்.

என் வேலையே அதுதான். எந்தப் பாடத்தையும் பாதியில் விட்டு எனக்குப் பழக்கம் இல்லை. தரையில் குச்சியால் காட்டை வரைந்தேன், பாதையை வரைந்தேன். தோழி சொன்னதை முழுதாக விளக்கினேன். இருபது வருஷம் என்றால் என்ன, உரிமை என்றால் என்ன, அனுமதி என்றால் என்ன. ஒருவர் வீட்டுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிப்பதற்கும் ஊர்க் குழாயில் பிடித்துக் குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்ன. அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. அவ்வளவு நன்றாக நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை என்று நினைக்கிறேன்.

பஞ்சம்மாள் தாளைக் கையில் வாங்காமலே சொன்னாள்.

"அப்ப அது எங்க பாதைன்னு சொல்லுதீக."

"கேட்க இடம் இருக்குன்னு சொல்றேன். கிடைக்கும்னு சொல்லலை."

"எங்க மாமியா நடந்தா. நான் வயித்துல புள்ளையோட அந்தப் பாதையில நடந்திருக்கேன். அத இல்லைன்னு எங்கையாலயே நான் எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு அந்த மனுசன் காட்டை எவனுக்கோ வித்தா, அவன் இந்தத் தாளக் காட்டி எம்மருமகள வெளிய போன்னு சொல்லுவான். நான் போட மாட்டேன்."

"யக்கா, நீ ஒருத்தி போடலைன்னா தெறக்க மாட்டாக," என்றாள் முருகேஸ்வரி.

"தெறக்கலைன்னா போறாக. கேஸு போடுவோம்."

"கேஸு முடியிறதுக்குள்ள எங்காலு முடிஞ்சுபோகும். உனக்கென்ன, உம்மகன் பைக்குல கொண்டாந்து எறக்கிவிடுதான்."

"ஏ, அவன் எறக்கிவிடுறது கம்பி கட்டுனதுக்கு அப்புறந்தான? அதுக்கு முன்னால நான் பறந்தா போனேன்?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் பேச்சு மாறிவிட்டிருந்தது. உரிமை என்ற சொல் அவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அனுமதி என்று எழுதிய தாளைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. ஐந்து பேர் பஞ்சம்மாள் பக்கம் போனார்கள். நான்கு பேர், எல்லாரும் போட்டால் போடுகிறோம் என்றார்கள். முருகேஸ்வரி மட்டும் தன் பெயரை எழுதினாள். பதினோரு கோடுகளில் ஒன்றே ஒன்று நிரம்பிய தாள் என் கையில் இருந்தது.

எல்லோரும் எழுந்து போன பிறகு அவள் செருப்பைக் காலால் தேடிக்கொண்டே கேட்டாள். "நீங்க எதுவும் சொல்லாம நீட்டியிருந்தா, எல்லாரும் போட்டிருப்பாகள்ல டீச்சர்?"

"போட்டிருப்பாங்க."

"ம்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "சரி விடுங்க. பஞ்சம்மா யக்கா சொன்னதும் நாயந்தான்."

அதுவும் நியாயம்தான். கருப்பணன் சொன்னதும் நியாயம். இதை எத்தனையோ முறை மனதுக்குள் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் நான் விளக்காமல் இருந்திருந்தால் அவர்களை ஏமாற்றியவள் ஆகியிருப்பேன். அதற்காக நான் வருந்த முடியாது. ஆனால் ஐப்பசியில், ஒரு காலி இடத்தை நிரப்புவதற்காக, யாரும் என்னிடம் கேட்காத இரண்டு வரியைச் சொன்னேனே, அதற்கு எந்த நியாயத்தையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பஞ்சம்மாளும் ஐந்து பேரும் பங்குனியில் வழக்குப் போட்டார்கள். சாட்சிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இதுவரை மூன்று வாய்தா ஆகியிருக்கிறது. மிஞ்சிய தாள்களில் அந்த இரண்டு வரியை மட்டும் மையால் அடிக்க ஆரம்பித்தேன். தோழி வேண்டாம் என்றாள். சாட்சியாக இருப்பவர் அதைச் செய்தால் கேள்வி வரும் என்றாள். நிறுத்திவிட்டேன்.

கோடை விடுமுறையில் முருகேஸ்வரியைப் பார்க்கவில்லை. பள்ளி திறந்த வாரம், காலை ஆறே முக்காலுக்குப் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவள் தன் வீட்டு வாசலிலேயே சாப்பாட்டுத் தூக்குடன் நின்றுகொண்டிருந்தாள். பருத்திச் சேலை கட்டியிருந்தாள். கையில் வளையல் இல்லை.

"என்ன, இன்னும் கிளம்பலையா? வேன் போயிருமே."

"அந்தக் கம்பெனி இல்ல டீச்சர் இப்ப. அங்கன லேட்டாகி லேட்டாகி, போர்மேன் வரவேண்டாம்னுட்டாரு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போறேன். வேனு வாசலுக்கே வந்துருது."

"அவ்வளவு தூரம் தாண்டி இங்க வரைக்குமா வேன் விடுறாங்க?"

"ஆளு கெடைக்கல அவுகளுக்கு. அதான்."

"பெட்டி ஒட்டுற வேலைதானே?"

"இல்ல. மருந்து ரூம்பு. வெடிமருந்து அடைக்கிற வேலை." என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளே எனக்கு விளக்கத் தொடங்கினாள். "பயப்படாதீக. எல்லாம் ஒரு மொறையாத்தான் செய்றாக. ஒரு ரூம்புக்கு நாலு பேருக்கு மேல உக்கார விட மாட்டாக. ரெண்டு பக்கமும் வாசலு, கதவு வெளிய பாத்துத் தெறக்கும். நாங்க வாசலுக்கு முதுகு காட்டி உக்காரக் கூடாது. வெயில் ஏறுறதுக்குள்ள மருந்து கலக்குற வேலை முடிஞ்சிரணும். இரும்பு ஒரு துணுக்கு உள்ள வரக்கூடாது, அதான் வளையலு, ஊக்கு எதுவும் போடல. நைலான் சேலையும் ஆகாது, ஒரசுனா சூடு பிடிக்குமாம். கொஞ்சங் கொஞ்சமா எடுத்துத்தான் அடைக்கணும். அள்ளிக் குவிச்சா வைவாக."

அவள் சொன்னது ஒவ்வொன்றும் ஏன் அப்படி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கையிலிருந்த பால் பாத்திரத்தை இறக்கி வைக்கவேண்டியிருந்தது.

"முருகேஸ்வரி, வேற வேலை பார்ப்போம். நான் யார்கிட்டயாவது கேட்கிறேன். பள்ளிக்கூடத்துல சத்துணவுக்கு..."

"கேளுங்க, கெடைச்சா வாரேன். கெடைக்கிற வரைக்கும் இது இருக்கட்டும்."

தெருமுனையில் வேன் திரும்பியது. அவள் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். பின்கதவைத் திறந்து ஏறி, உட்கார்ந்து, குதிகாலைக் கையால் ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டாள்.

"ஒரு வகைல நல்லதுதான் டீச்சர்," என்றாள். "இப்ப எனக்கு நடையே இல்ல."